கம்பனி வளவுக்குக் கேற் கிடையாது

நகர சபை உத்தியோகத்தர் நலன்புரிச் சங்கம் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறது. வேலைப் பகுதியில் நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் தம்பி றொசான் வீட்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும், அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றார். தேநீர் குடித்து முடிந்து எழும்புகிற நேரத்தில் பையிலிருந்து இன்னொரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். கம்பனி வளவின் தெருக்கரையில் நிற்கும் கொட்டிலும் இரும்புக் கம்பி வரிசையும் தற்காலிக அமைப்புகளே என்று, அந்த வேலையைச் செய்வித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்ற முறையில் நான் உறுதிப்படுத்த வேண்டுமாம். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

இரண்டு கோரிக்கைக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். மலரில் இடமில்லை என்றால் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. தாழ்வுபாட்டில் பிறந்தேன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் மட்டம் பார்க்கவும் படம் கீறவும் படித்தேன். சபையில் சேர்ந்த பிறகு வாய்க்கால், மதகு, பொதுக் கிணறு, மறுபடியும் வாய்க்கால். அன்றன்று பார்த்ததையும் கேட்டதையும் அன்றன்றே எழுதி வைக்கிற பழக்கம் அந்த வயதிலேயே வந்துவிட்டது. ஆகவே கீழே மற்றவர்கள் சொன்னதாக நான் எழுதுவது அவர்கள் சொன்னதுதான்.

கம்பனி வளவை இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது முன்பு எப்படி இருந்தது என்று தெரியாது. பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே, பட்டணத்தின் வயிற்றில், அது சபையின் காணி. யுத்தம் முடிந்த பிறகு கடலுணவு ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்று அதைக் குத்தகைக்கு எடுத்தது. மூன்று மாடிக் கந்தோர், ஐஸ் அறை, களஞ்சியம், பணிப்பாளர்களின் வாகனங்களுக்கு ஒரு நீளக் கொட்டில், நடுவில் பச்சைப் புல். எல்லாவற்றையும் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். மதிலின் தலையில் உடைந்த போத்தல் ஓடு. ஒரேயொரு இரும்புக் கேற், கேற்றடியில் சீருடைக் காவலாளிகள். சீருடை நிற்கிற இடத்தில் எங்கள் சனம் ஆறுதலாக நடக்காது. அரிப்புக் கிராமத்திலிருந்து வைத்தியசாலைக்கு வருகிற கர்ப்பிணிப் பெண் பஸ்ஸால் இறங்கி, அந்த மதிலைச் சுற்றிக்கொண்டு வெயிலுக்குள்ளே போவாள். மதிலுக்கு அந்தப் பக்கம் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும்.

பிறகு கம்பனி போய்விட்டது. குத்தகை முடிந்தது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. புல் ஒரு சோளகக் காற்றிலேயே காய்ந்து மண்ணானது. அந்த இடத்தைப் பொதுமக்கள் கூடும் இடமாக மாற்றச் சபைக்கு நிதி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் வந்து படம் கீறித் தந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். கந்தோரின் கீழ்த்தட்டை வாசிகசாலையாக்கியதும், களஞ்சியத்தின் கூரையை மட்டும் விட்டு நாலு பக்கமும் திறந்து மண்டபமாக்கியதும் அவருடைய யோசனை. இன்றைக்கும் அதற்காக அவரை நான் மெச்சுவேன். ஆனால் அவருடைய படத்தில் மதில் அப்படியே நின்றது. அதில் சித்திரம் தீட்டுவதாக இருந்தது. பழைய கேற்றுக்குப் பதிலாக அழகான புதுக் கேற். வாகனக் கொட்டில் தெருவைப் பார்த்த ஒரு கோப்பிக் கடை, அதைக் கேள்விக்கோரலில் கூடிய வாடகை சொல்கிறவருக்குக் கொடுக்கலாம்.

அப்போது எங்களுக்குச் செயலாளராக இருந்தவர் நடராசா சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். வாசித்து முடிந்ததும் உள்ளங்கையால் மூடி, அதன் மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். குரல் உயர்ந்ததே இல்லை. வேலைத்தலக் கூட்டம் என்றால் நடு மத்தியானத்துக்குத்தான் கூப்பிடுவார். கதிரை போட விடமாட்டார், நிழலில் ஒதுங்கவும் விடமாட்டார். முடிவு வருமட்டும் எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும். ஏன் அப்படி என்று அவர் சொன்னதில்லை. ஆனால் அவருடைய கூட்டங்கள் நீண்டதும் இல்லை.

வளவு பற்றிய கூட்டமும் அப்படித்தான் நடந்தது. கட்டடக்கலைஞர் படத்தை ஒரு வாகனத்தின் மூடியில் விரித்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். சேர் கேற்றின் இடத்தில் விரலை வைத்தார்.

"திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

சாவி காவலாளியிடம் இருக்கும் என்றார் கட்டடக்கலைஞர்.

"காவலாளி ஆரிட்ட வாங்குவார்?"

சபையில்.

"சபையில ஆரிட்ட?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலைப் பகுதி என்றால் நான்தானே. விடியக் காலமை திறக்க ஒருமுறை, இருட்டினால் பூட்ட ஒருமுறை தாழ்வுபாட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற காட்சி எனக்குக் கண்ணில் தெரிந்தது. "என்னட்ட வேண்டாம் சேர்" என்றேன்.

"எனக்கும் வேண்டாம்" என்றார். "அப்ப கேற் வேண்டாம். கேற் இல்லாட்டி மதில் எதுக்கு?"

அவ்வளவுதான் கூட்டம். மதிலை இடிக்கிறதாகத் தீர்மானம்.

மதில் இடிப்பது தள்ளி விழுத்துகிற வேலை இல்லை. முதலில் தலையிலிருக்கும் போத்தல் ஓடுகளை உளியால் கொத்தி உரப்பையில் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவை மண்ணோடு கலந்து வருசக்கணக்காகக் கால்களில் ஏறும். பிறகு மதிலோடு ஓடும் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கண்டுபிடித்துச் சோக்கட்டியால் குறிக்க வேண்டும். மதில் எப்போதும் உள்பக்கம் விழ வேண்டும், தெருப்பக்கம் விழக்கூடாது. தூணை விட்டு நடுப்பகுதியை முதலில் எடுத்து, தூணைக் கடைசியில் தறிக்க வேண்டும். சந்தைப் பக்கத்தை இப்படி முடித்தோம். வழி திறந்ததும் முதலில் உள்ளே போனவை தெருவில் திரிகிற கழுதைகள். எங்கள் குப்பை வண்டிச் சாரதி சூசை, பிரதம அதிதிகள் வந்திட்டினம், இனி விழாவைத் தொடங்கலாம் என்றார்.

மிச்சமிருந்தது பஸ் நிலையப் பக்கத்துத் தெருமதில். கேற்றைக் கழற்றி உள்ளே கிடந்த கட்டைகளில் சாய்த்து வைத்தாயிற்று. அடுத்த நாள் காலமை இடிக்கப் போனால், மதில் நீளத்துக்கும் ஆட்கள் முதுகைக் கொடுத்து நிற்கிறார்கள்.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மலையகத்திலிருந்து வந்து, எங்கள் தீவுக்கு அப்பால் பெருநிலப் பக்கம் குடியேறிய சனம், முதல் பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்து நாட்கூலிக்கு நிற்பார்கள். அதே மதிலடியில் அவர்களை நானே எத்தனையோ முறை வேலைக்கு எடுத்திருக்கிறேன். ஒப்பந்தகாரர் பொலிசைக் கூப்பிடலாம் என்றார். நான் பொறுக்கச் சொல்லிவிட்டு, முன்னுக்கு நின்ற இராசம்மாவிடம் போனேன். எங்கள் வாய்க்கால் வேலைகளில் கொங்கிறீற் குழைத்தவர். என் வயதுதான் இருக்கும்.

"மதில மொத்தமாவா மிஸ் இடிக்கிறீங்க?"

ஓம், மொத்தமாகத்தான் என்றேன்.

"அப்ப எங்க மம்பட்டி எங்க நிக்கும்?"

நிழலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மரம் வைக்கப் போகிறோம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெயிலு எங்களுக்குப் புதுசா மிஸ்? மம்பட்டி படுக்கக் கூடாது. அதச் சொல்றேன்."

அந்த இடத்தின் வழக்கம் இதுதான். பஸ்ஸால் இறங்கி வருகிறவர் தன் மண்வெட்டியை மதிலில் சாத்துவார். முதலில் வந்தவருடையது சந்திப் பக்கம், அடுத்தவருடையது அதற்குப் பக்கத்தில். மண்வெட்டி நின்றால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். அவர் தேநீர் குடிக்கப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், இடம் போகாது. ஆள் தேடி வருகிறவர் சந்திப் பக்கத்திலிருந்து தனக்கு வேண்டிய அளவு மண்வெட்டிகளைத் தூக்குவார். தூக்கினால் அந்த ஆளுக்கு அன்றைய வேலை நிச்சயம். பிறகு மனம் மாறினாலும் கூலி கொடுக்க வேண்டும். மண்வெட்டி நிலத்தில் படுத்திருந்தால் அதன் ஆள் இன்றைக்கு வேலைக்கில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறினதுமில்லை. நானும் எத்தனையோ மண்வெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் இதெல்லாம் மதிலில் தொங்குகிற வழக்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

"மம்பட்டிக்கு மீச இல்ல மிஸ்" என்றார் இராசம்மா. "அது நிக்கிறதால எனக்கு வேலை வருது. மதில் இல்லாத சந்தியில நின்னு பாத்திருக்கேன். ஆம்பளைங்க முன்னுக்கு நிப்பானுங்க, நாங்க பின்னுக்கு நிப்போம். லொறி வந்தா ஏறிப் போயிருவானுங்க. நாங்க வந்த பஸ்லயே திரும்பிப் போவோம்."

பக்கத்தில் நின்ற ஆண்கள் தெருவைப் பார்த்தார்கள்.

எனக்கு இது லேசான விசயமாக இருக்கவில்லை. அந்த மதில் போகவேண்டும் என்று சந்தைப் பெண்கள் கேட்டிருந்தார்கள், தேவாலயப் பங்குச் சபை கேட்டிருந்தது, பள்ளிவாசல் நிர்வாகம் கேட்டிருந்தது. நான் கேட்டிருந்தேன். பட்டணத்தில் எல்லோருக்கும் வேண்டாத மதில், இந்தப் பெண்ணுக்குச் சோறு. அதை வைத்தால் வளவு திரும்பவும் வளவாகத்தான் இருக்கும். இடித்தால் இவர் நாளைக்கு லொறிக்குப் பின்னால் நிற்பார். சேருக்கு ஆள் அனுப்பினேன். அவர் குடையோடு வந்து, மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒப்பந்தகாரர் கூலியாட்களுக்கு நாள் போவதாக முறைப்பட்டார். இராசம்மா, எங்களுக்கும் நாள்தான் போகுது என்றார்.

அந்த நேரத்தில் ஒரு வயதானவர், மாரிமுத்து என்று பெயர், பிந்திய பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மதிலடியில் ஆட்கள் நின்றபடியால் சாத்த இடமில்லை. கேற் கழற்றிய வாயிலால் உள்ளே போய், சாய்த்து வைத்திருந்த கேற்றின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மண்வெட்டியைச் செருகிவிட்டு, பீடி பற்றவைத்தார். மண்வெட்டி அச்சொட்டாக நின்றது. சரியவில்லை, ஆடவில்லை.

நான் சேரைப் பார்த்தேன். சேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டலாமோ?" என்று கேட்டார்.

கேற்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, இரண்டு துண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இடுப்பளவு உயரத்தில் நீளமான கம்பி வரிசை வரும் என்றேன். அதை மதில் நின்ற கோட்டிலேயே நட்டால் மதில் போகும், வரிசை நிற்கும். இராசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கம்பிகளைக் கையால் ஆட்டிப் பார்த்தார். மதிலைப் போல வராது என்று முகத்தைச் சுளித்தார். பிறகு வாகனக் கொட்டிலைப் பார்த்தார்.

"கம்பி குடுத்தா நெழலும் குடுக்கலாந்தானே? காரு நின்ன எடம் சும்மாதானே கெடக்கு."

"வெயில் புதிசில்லை எண்டியள்?" என்று நான் கேட்டேன்.

"பழசுதான் மிஸ். அதான் போதும்ங்குறேன்."

சேர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு வந்தவைதான் கடினமான நாட்கள். கேற் சபையின் சொத்து, நினைத்தபடி வெட்ட முடியாது. மூன்று பேர் கொண்ட குழு பார்வையிட்டு, பழைய பாவனைக்கு உதவாது என்று எழுதி, ஏலத்தில் விற்பதா, களஞ்சியத்தில் வைப்பதா, சபை வேலைக்குப் பாவிப்பதா என்று சிபாரிசு செய்ய வேண்டும். களஞ்சியத்தில் வைக்கலாம் என்று இருவர் சொன்னார்கள். சேர் வேண்டாம் என்றார். களஞ்சியத்தில் ஒரு கேற் கிடந்தால், எப்போதாவது ஒருவர் அதைக் கொழுவ ஒரு வாசல் தேடுவார் என்பது அவருடைய விளக்கம். சபை வேலைக்கு என்று எழுதுவித்து, குழு உறுப்பினர் மூவரும் பார்த்து நிற்கும்போதே வெட்டுவித்தார்.

கொட்டிலில் கோப்பிக் கடை போட இருந்தவர் என் கந்தோருக்கு வந்தார். மேலிடத்தில் செல்வாக்கான மனிதர். முகப்பிலேயே கூலியாட்கள் நின்றால் யார் உள்ளே வருவார்கள் என்று கேட்டார்.

"அவையள் வந்திட்டினம்" என்றேன். "இனி மிச்சாக்கள் வரட்டும்."

அதற்காக என்மேல் முறைப்பாடு போனது. சேர் அதையும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்து, மூடி, கண்ணாடியை மேலே வைத்து, "சொன்னனீங்களோ?" என்று கேட்டார். சொன்னனான் என்றேன். கோப்பை மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, கொங்கிறீற் எப்போது போடுகிறீர்கள் என்றார். கோப்பிக் கடை ஐஸ் அறைக்குப் போனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது.

கொங்கிறீற்றை நானே நின்று போடுவித்தேன். கடற்கரை மண் இறுகாது என்பதால் வழமையை விட ஆழமாகக் கிடங்கு வெட்டி, ஒவ்வொரு தூணின் அடியிலும் குறுக்குக் கம்பி ஒட்டுவித்து இறக்கினேன். குழைத்தவர் இராசம்மா. கலவையில் கல் கூடிப்போச்சு என்று எனக்கே பிழை பிடித்தார். காய்ந்த பிறகு வரிசையின் சந்திப் பக்கத்துக் கடைசிக் கம்பியில் அவர் முதல் மண்வெட்டியைச் செருகியபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு மேசன் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார், இராசம்மா பின்னால் போனார்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்க்கிறீர்கள். காலமை கொட்டிலில் கூலிக்கு நிற்பவர்கள். பத்து மணிக்குப் பிறகு அதே கொட்டிலில் வைத்தியசாலைக்கு வந்தவர்கள் சோற்றுப் பொதி அவிழ்ப்பார்கள். மத்தியானம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்னேரம் மண்டபத்தில் கரம் போர்ட்டும் சண்டையும். தேவாலயப் பெருநாளுக்குச் சுற்றுப்பிரகாரம் வளவுக்குள்ளாலேயே போகிறது. நோன்பு திறக்கிற நேரம் ஐஸ் அறைப் படியில் கஞ்சி ஊற்றுகிறார்கள். திருக்கேதீஸ்வரத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கே கூடித்தான் பஸ் ஏறுகிறார்கள். இவர்களில் ஒருவரையும் நான் கூப்பிடவில்லை, கட்டடக்கலைஞரும் கூப்பிடவில்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் வந்தார்கள்.

இப்போது ஒரு நிறுவனம் வந்து வளவைப் பராமரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சுற்றிவர வேலி, தெருக்கரையில் கேற், பின்னேரத்தில் நுழைவுச் சீட்டு. கழுதைக்கும் ரிக்கெற் வெட்டுவினமோ என்று சூசை கேட்கிறார். குப்பை சேருகிறது என்கிறார்கள். சேருகிறது, உண்மைதான். அதற்கு வேண்டியது குப்பை அள்ள ஒரு உழவு இயந்திரம், கேற் இல்லை. பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் நிலையத்தை விட்டு ஏன் அங்கே போய் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். நடராசா சேர் இளைப்பாறி மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"திறப்பு ஆரிட்டயாம்?"

நிறுவனத்திடம் என்றேன். சரி, வையுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

போன திங்கட்கிழமை நிறுவனத்து ஆட்கள் அளக்க வருவதாகத் தம்பி றொசான் சொல்லியிருந்தார். நானும் போனேன். கேற் தூண்களுக்கு இடம் குறிக்க வேண்டும், ஆனால் கம்பி வரிசை முழுக்க மண்வெட்டிகள். வந்தவர்களில் ஒருவர், மரியாதையாகத்தான், இதுகளைக் கொஞ்சம் எடுத்து வையுங்கோ என்றார். இராசம்மாவுக்கு இப்போது முட்டுக்கால் வலி, ஆனாலும் வருகிறார். கொட்டிலில் இருந்தபடியே பதில் சொன்னார்.

"எடுங்க சேர். எடுத்தா அந்தாளுக்கு இன்னைக்கு வேலை நீங்கதான் குடுக்கணும்."

அந்த மனிதர் றொசானைப் பார்த்தார். அப்படித்தான் இங்கே வழக்கம் என்றார் றொசான். அதைச் சொன்னதற்காக அந்தப் பிள்ளையை நான் மதிக்கிறேன். அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு, வரிசை வெறுமையான பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

ஆகவே சபைக்கு என் பதில் இது. அந்தக் கம்பி வரிசையும் கொட்டிலும் தற்காலிகம் இல்லை. கொட்டில் கம்பனிக் காலத்திலிருந்தே நிற்கிறது, வரிசையை நிரந்தரமாக நிற்க வேண்டும் என்றே போடுவித்தேன். எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது படத்தில் இருக்கிறது. பிடுங்க வருகிறவர் தெருவையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும். அந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

வரிசை ஒருநாளும் வெறுமையாகாமலும் பார்த்துக்கொள்கிறேன். அன்று அவர்கள் போன பிறகு, கடைசிக் கம்பிகளுக்கு நடுவே என் குடையைச் செருகினேன். குடைக்கெல்லாம் வேலை கிடைக்காது மிஸ் என்றார் இராசம்மா. இப்போது ஒவ்வொரு காலமையும் செருகுகிறேன், கூலியாட்கள் எல்லோரும் போன பிறகும் அது அங்கேதான் நிற்கும். தூக்குகிறவர் எனக்கு அன்றைய வேலை தர வேண்டும். எனக்குத் திறமாகத் தெரிந்த வேலை மதில் இடிக்கிறது.